வாடகைப் பச்சை

பெல்லந்தூர்க் கண்ணாடிக் கட்டடத்தில்
ஐந்தாம் மாடி என்னுடையது.
என்னுடையது என்றால்
நாற்பத்திரண்டு தொட்டிகளும் ஒரு பூவாளியும்
இலை துடைக்க ஒரு பழைய பனியனும்.
புதன், சனி.
சரக்கு லிஃப்டில்தான் ஏற வேண்டும்.

எல்லாம் வாடகைக்கு விட்ட செடிகள்.
ஒன்று வாடினால் ஹொரமாவு கிடங்குக்கு ஏற்றிவிட்டு
அதே உயரத்தில் அதே பச்சையில்
இன்னொன்றை வைத்துவிடுவோம்.
செத்தது எவர் கண்ணிலும் படாது.
மூன்று வருடமாக ஒரே செடி என்று நம்பி
அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்
ஜன்னலோர மேசை பிரசூன் சார்.
அது ஏழாவது என்று
எனக்கும் லிஃப்டுக்கும் தெரியும்.

கலத்தியா என்றொரு இனம்.
ராத்திரியானால் இலைகளைக் கைகூப்பினாற்போல் மடிக்கும்.
இங்கே ராத்திரி கிடையாது.
அமெரிக்காவுக்காக விழித்திருக்கும் விளக்குகளின் கீழே
மடிப்பதா விரிப்பதா தெரியாமல்
ஓரம் கருகி நிற்கும்.
குழாய்த் தண்ணீர் ஆகாது. ஏசிக் காற்று ஆகாது.
மிச்சக் காபியை யாராவது ஊற்றிவிட்டால்
சுத்தமாக ஆகாது.

கீழே,
ஜெனரேட்டர் புகை கக்கும் மூலையில் குப்பைமேனி.
சிமெண்டுக்கும் சுவருக்கும் நடுவே
நகம் நுழையாத கீறலிலிருந்து மூக்கிரட்டை.
செக்யூரிட்டி நாற்காலிக்கு அடியில்
வெட்டுக்காயப் பூண்டு
நீளக் காம்பில் ஒற்றைப் பூவைத் தூக்கிப் பிடித்திருக்கும்.
மாதம் ஒருமுறை மருந்தடிப்பார்கள்.
பத்தாம் நாள் வந்து நிற்கும்,
ஒன்றுமே நடக்காத முகத்தோடு.

ஊரடங்கில் கட்டடம் மூடிக்கிடந்தது இரண்டு மாதம்.
திறந்தபோது என் நாற்பத்திரண்டும்
தொட்டால் அப்பளம்.
வாசற்படியில் மட்டும் அருகம்புல்
கண்ணாடிக் கதவுவரை வந்து
உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

‘பாத்தியா செங்கமலம்,’ என்றார் சூப்பர்வைசர் ரேவண்ணா,
‘உங்க ஜனமும் இப்பிடித்தான்.
எங்க போட்டாலும் முளைப்பீங்க.’
பாராட்டுத்தான்.
இரண்டு மாதச் சம்பளத்தைப் பற்றி
அப்போதுதான் கேட்டிருந்தேன்.

ஏப்ரல் மத்தியானத்தில் குப்பைமேனியைக்
குனிந்து பார்த்தவர் உண்டா?
தலை தொங்கிக் கிடக்கும்.
அதற்கும் தாகம் எடுக்கும்.
எடுத்ததை எழுதிவைக்க ஒரு தாள் இல்லை,
அவ்வளவுதான்.
என்னிடம் உள்ள தாளில்
கலத்தியா: இருநூறு மில்லி, வாரம் இருமுறை.

கலத்தியாவைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை.
எங்கோ கடல் தாண்டிய காட்டில்
பெருமரங்களின் காலடி ஈரத்தில்
யாரும் கூப்பிடாமல் முளைத்த கூட்டமாம் அதுவும்.
டிரைவர் கிளமென்டின் மகள் படித்துச் சொன்னாள்.
அங்கே அதைக் களை என்று பிடுங்கிப்போட்டிருப்பாள்
என்னைப்போல் ஒருத்தி,
நாள்கூலிக்கு.

போன ஆடியில் ஒரு மணிபிளான்ட்டைக் கழித்தார்கள்.
மூன்று இலை. மூன்றும் மஞ்சள்.
பட்டியலில் அடித்துவிட்டு
கிடங்கின் பின்னால் சாக்கடையோரம் வீசினேன்.
நட்டேன் என்று சொல்ல மாட்டேன்,
வீசினேன்.
மழை வந்தது. நான் மறந்தேன்.
அது சுவரைப் பிடித்து, சுவரிலிருந்து
சில்வர் ஓக் மரத்துக்குத் தாவி,
இப்போது ஒவ்வோர் இலையும் முறத்தளவு,
ஓரத்தைத் தானே கிழித்துக்கொண்டு.
மேசைமேல் உள்ளங்கை தாண்டாமல் இருந்ததே,
அதே செடி.

நேற்று ரேவண்ணா மரத்தடியில் நின்று அண்ணாந்தார்.
‘இது எந்த நம்பர்?
ஏழாவது மாடி ரிசப்ஷன்ல வெச்சா
மாசம் ரெண்டாயிரம் கேக்கலாமே.’
கத்தரி என் இடுப்பில்தான் இருந்தது.

‘நம்பர் இல்ல சார்,’ என்றேன்.
‘அது வெறும் களை.’

மேலே ஓர் இலையில் காக்கை எச்சம்,
வெள்ளையாக, காய்ந்து.
துடைக்கவில்லை.